சத்தம் மட்டும் நின்னாப் போதும்

அங்கயே நிறுத்துங்க தம்பி, அங்கயே. பானட்டெல்லாம் திறக்க வேண்டாம். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மேடு இருக்குது பாத்தீங்களா, அதுல ஏறி இறங்கும்போதே கேட்டுட்டேன். முன்னால, இடது பக்கம், கீழ. டொக்குன்னு ஒண்ணு. சித்தெ கழிச்சு இன்னொண்ணு, அதைவிட மெல்லமா. சரிதானுங்க? அந்த மேடு கார்ப்பரேசன்காரன் போட்டதில்ல, நானே கல்லும் சிமிண்டும் கொட்டிப் போட்டது. டாக்டர் நெஞ்சுல குழல் வெச்சுக் கேப்பாருல்ல, அந்த மாதிரி. எந்த வண்டியா இருந்தாலும் அதுல ஏறித்தான் உள்ள வரணும். வர்றவங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல கிரீஸு. வெள்ளைப் பேண்ட் வேற போட்டிருக்கறீங்க. இதுல உக்காருங்க, டீ சொல்லியிருக்கறேன்.

தங்கச்சி கண்ணாலமா? நல்லதுங்க. பொண்ணை இந்த வண்டியிலதான் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அப்பா சொல்றாரா? சொல்லுவாரு. வண்டி அப்படிப்பட்ட வண்டி. சீமைக்காரன் செஞ்சது, இரும்புன்னா அதுதான் இரும்பு. உள்ள உக்காந்தா சோபாவுல உக்காந்த மாதிரி. ஆனா பொண்ணு ஏறி உக்காரும்போது கீழ இருந்து டொக்குன்னா நல்லாவா இருக்கும்? புரியுதுங்க. சத்தம் மட்டும் நின்னாப் போதும், மத்ததெல்லாம் கண்ணாலம் முடிஞ்சு பாத்துக்கலாம். அதானே சொல்றீங்க? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க.

என்னது? என்னைப் பத்தி வேற மாதிரி சொன்னாங்களா? யாரு, திருச்சி ரோட்டு டயர்க் கடைக்காரனா? நினைச்சேன். அவன்கிட்ட யாராவது என் பேரைச் சொன்னாப் போதும், ஊர்ல இல்லாத கதையெல்லாம் வரும். "சென்னியப்பன்கிட்டயா போறீங்க? அவன்ற தங்கச்சி வீட்டுக்காரன் கதை தெரியாதா?" அப்படித்தானே? அப்படித்தான் சொல்லியிருப்பான். சரி, கேட்டது கேட்டுட்டீங்க. நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க. ஒரு பக்கத்துக் கதையை வெச்சு யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாதுங்க.

முதல்ல என் தொழிலைத் தெரிஞ்சுக்குங்க. இந்தக் கோயமுத்தூர்ல பழைய சீமை வண்டி வெச்சிருக்கறவங்க எத்தனையோ பேரு. எஞ்சினுக்கு ஆள் இருக்கறாங்க, பெயிண்டுக்கு ஆள் இருக்கறாங்க. சத்தத்துக்கு நான் ஒருத்தன்தான். வண்டி பள்ளத்துல இறங்கினா ஒரு தடவை அமுங்கி எந்திரிச்சு நிக்கணும். தொட்டிலாட்டம் ஆடிக்கிட்டே இருந்தா ஷாக் அப்சார்பர் போச்சுன்னு அர்த்தம். கட்டை வண்டியாட்டம் இடுப்பை ஒடிச்சா ஸ்பிரிங் உக்காந்துடுச்சு. கிறீச்சுன்னா ரப்பர் புஷ் காஞ்சு போச்சு. ஊம்முன்னு முனகினா சக்கரத்து பேரிங். டொக்குன்னா எங்கயோ ஆட்டம். கண்ணை மூடிட்டுப் பின் சீட்டுல உக்காந்து ஒரு சுத்து போயிட்டு வந்தா, எங்க, என்ன, எல்லாம் சொல்லிப்போடுவேன்.

உடுமலைப்பேட்டையில இருந்து ஒரு தோட்டக்காரர் வந்தாரு. கடகடன்னு சத்தம். அந்த டயர்க் கடைக்காரன் சொன்னான்னு நாலு ஷாக்கும் மாத்திட்டாரு, ஸ்பிரிங்கும் மாத்திட்டாரு. சத்தம் போகல. நான் பின்னால உக்காந்து அவிநாசி ரோடு வரைக்கும் போனேன். திரும்பி வந்து டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினேன். அடியில ஒரு முழுத் தேங்காய்! எந்த வருசத்து ஆயுத பூசைக்கு வெச்சதோ, உருண்டு போயி குழிக்குள்ள விழுந்து, உள்ள கொப்பரையாயி, அதுதான் கடகடன்னு பேசிட்டு வந்திருக்குது. மனுசன் சிரிச்சு சிரிச்சு அழுதுட்டாரு. இதைப் போயி அந்த டயர்க் கடைக்காரன் சொல்லுவானா? சொல்ல மாட்டான்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் ரங்கதுரை ஐயா வீட்டு வண்டி வந்துச்சு. மில் முதலாளி. பெரிய வீடு. அவங்கய்யா காலத்து வண்டிங்க அது, உங்க வண்டி மாடலேதான், கலர் மட்டும் கருநீலம். அந்த வீட்டுல ஒரு வழக்கம். கண்ணாலம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் முதல் தடவை வீட்டுக்கு வர்றது அந்த வண்டியிலதான். ஐயா கண்ணாலம், அவரு தங்கச்சிங்க கண்ணாலம், மக கண்ணாலம், எல்லாம் அந்த வண்டிதான். இப்பப் பேத்தி கண்ணாலம். வண்டி டொக் டொக்குங்குது. பொம்பளைங்க ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணு ஏறும்போது வண்டி முனகுனா சகுனம் சரியில்லையாம். பெரியம்மா ஒருத்தங்க வண்டிக்குச் சுத்திப் போட்டு, பூசணிக்காய் உடைச்சு, அதுலயும் சத்தம் நிக்காம, கடைசியா என்கிட்ட அனுப்பினாங்க.

வண்டியை ஓட்டிட்டு வந்தது நாச்சிமுத்து. என்ற தங்கச்சி மயிலா வீட்டுக்காரன். நான் பாத்துக் கட்டி வெச்ச மாப்பிள்ளைங்க. ஐயா வீட்டுல டிரைவர் வேலையும் நான் சொல்லித்தான் கிடைச்சது. டிரைவருங்கள்ல ஒரு பீடி, ஒரு குடி இல்லாத ஆளைக் காட்டுங்க பாக்கலாம். அவன் காப்பிக்கு மேல ஒண்ணும் குடிக்க மாட்டான். வண்டியைத் தொடைக்கறப்போ பாத்தீங்கன்னா, புள்ளையைக் குளிப்பாட்டற மாதிரி இருக்கும். கொஞ்சம் பயந்த சுபாவம். அதை நான் கேலி பண்ணிட்டே இருப்பேன்.

தூக்கிப் பாத்தேன். உங்க வண்டியில இருக்கறதேதான். சக்கரத்தையும் வண்டியையும் சேத்துப் பிடிச்சிருக்கற முட்டி ஒண்ணு இருக்குதுங்க. பால் ஜாயிண்ட்டுன்னு பேரு. நம்ம இடுப்பு எலும்பு மாதிரி, கிண்ணத்துக்குள்ள ஒரு குண்டு. கிண்ணம் தேஞ்சு குண்டு உள்ள ஆடுது. பள்ளத்துல இறங்கினா டொக், ஏறினா டொக். அவ்வளவுதான் விசயம். புதுசு போடணும். ஆனா அந்தச் சாமான் இங்க எங்க கிடைக்கும்? சீமையில இருந்து வரணும். ஐயா உடனே ஆர்டர் போட்டாரு. கண்ணாலத்துக்குள்ள வராதுன்னுட்டாங்க.

ஐயா என்னைக் கூப்பிட்டாரு. "சென்னியப்பா, புதுசு வரும்போது வரட்டும். இப்பச் சத்தம் மட்டும் நின்னாப் போதும். உன்னால ஆகுமா?"ன்னாரு. என்னைப் பாத்து ஆகுமான்னு கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்?

பக்கத்து லேத்துல பித்தளையில ஒரு வட்டு கடையச் சொன்னேன். ஒத்த ரூபா சைசுல. அளவு தப்பினா இருக்கட்டும்னு ஒண்ணுக்கு ரெண்டாக் கடைஞ்சு வாங்கினேன். கிண்ணத்துக்கு அடியில அதை வெச்சு, கெட்டிக் கிரீஸை அடைச்சு, மேல ரப்பர் மூடியை இறுக்கிக் கட்டினேன். குண்டு கொஞ்சம் மேல ஏறி, விளிம்பை ஒட்டி நிக்கும். அது ஒண்ணும் இல்லீங்க. ஆட்டம் நின்னுபோச்சா இல்லையா? என் மேட்டுல ஏத்தி இறக்கினேன். ஒரு மூச்சு இல்ல. திரும்பியும் ஏத்தி இறக்கினேன். கோயில் குளத்துல படகு போற மாதிரி போச்சுங்க.

கண்ணாலத்தன்னிக்கு நீங்க பாத்திருக்கணும். மண்டபத்துல இருந்து பங்களா வரைக்கும் ரோடா அது? குழாய் பதிக்கறதுக்குத் தோண்டிப் போட்டு, பூராக் குழி. அந்தக் குழியில எல்லாம் இறங்கி ஏறி வந்து வாசல்ல நிக்குது வண்டி, பூ விழுந்த சத்தம் கூட இல்ல. ஆரத்தி எடுக்க வந்த பெரியம்மா என்னைத் தேடிக் கூப்பிட்டுச் சொன்னாங்க, "வண்டி வந்ததே தெரியலப்பா"ன்னு. ஐயா அத்தனை பெரிய மனுசங்க முன்னால எனக்கு வேட்டி துண்டு வெச்சுக் குடுத்தாரு. கலெக்டர் ஆபீஸ்காரங்க எல்லாம் இருந்தாங்க. என் தொழில்ல அந்த மாதிரி ஒரு நாள் வந்ததில்லைங்க. இனி வரப்போறதும் இல்ல.

நாச்சிமுத்து மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். பந்தியில பக்கத்துல உக்காந்து மெல்லமாச் சொல்றான், "மச்சான், சத்தம் இருந்தப்போ எங்க மெதுவாப் போகோணும்னு எனக்குத் தெரிஞ்சுது. இப்ப வண்டி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. பயமா இருக்குது"ன்னு.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? ஊரே மெச்சுது, சொந்த மாப்பிள்ளை பயமா இருக்குதுங்கறான். "ஏன் மாப்பள, வண்டி உன்கிட்டப் பேசோணுமா? பேசறதுக்குத்தான் வீட்டுல என்ற தங்கச்சி இருக்கறாளே"ன்னேன். பந்தியே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். அவன் அப்படித்தான், யாராவது சிரிச்சா அவனும் சிரிச்சுருவான்.

அப்புறம் அந்தச் சாமான் வந்துச்சு. பார்சல் ஆபீசுல இருந்து நாச்சிமுத்துதான் வாங்கிட்டு வந்தான். வர்ற வழியில மயிலாகிட்டக் காட்டிட்டு வந்திருக்கறான், புது முட்டி வந்துருச்சு, இனிப் பயமில்லைன்னு. அவ மடியில கைக்குழந்தை அப்ப. தன்ஷிகா. இப்பெல்லாம் இப்படித்தானுங்க பேரு வெக்கறாங்க. டப்பாவை என் கையில குடுத்துட்டு, "எப்ப மச்சான் மாத்தலாம்?"னான். "வெச்சுட்டுப் போ, பாக்கலாம்"னேன்.

பாக்கலாம்னுதான் சொன்னேன். மாத்த மாட்டேன்னு சொல்லல. இதை நல்லா கவனிச்சுக்குங்க.

அப்புறம் ரெண்டு மூணு தடவை வந்து கேட்டான். ஒரு நாள் வேலை இருந்துச்சு. ஒரு நாள் ஜாக்கி சரியில்ல. ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். "மாப்பள, ஐயா போற இடமெல்லாம் என் வேலையைப் பத்திப் பேசிட்டு இருக்கறாரு. பித்தளை வட்டுலயே நிறுத்திட்டான் பாருன்னு சொல்லிட்டு இருக்கறாரு. இப்பப் போயி நானே பிரிச்சா, நான் செஞ்சது சும்மா ஒட்டுப் போட்ட வேலைன்னு ஆயிராதா? சத்தம் வரட்டும், மாத்தறேன்"னேன். நியாயந்தானே? சத்தமில்லாத வண்டியைப் பிரிக்கறவன் மெக்கானிக்கா? வலிக்காத பல்லைப் பிடுங்கற மாதிரி. ஐயாகிட்டப் போயி அவனே சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்குக் கெட்ட பேரு வரும்னு சொல்லலையாம். மயிலா பின்னால சொன்னா.

சத்தம் வரவே இல்லீங்க. கடைசி வரைக்கும் வரல. அதுக்கு நான் இப்பவும் சத்தியம் பண்ணுவேன்.

ஐயா பொள்ளாச்சித் தோட்டத்துல இருந்தாரு. அவரைக் கூட்டிட்டு வர்றதுக்கு நாச்சிமுத்து தனியாப் போனான். காலைல நல்ல வெயில். கிணத்துக்கடவு தாண்டி ஒரு புளியமரம். நான் போய்ச் சேரும்போது அவனை எடுத்துட்டுப் போயிட்டாங்க. வண்டிதான் நின்னுது. முன்பக்கம் பூரா அப்பளமா நொறுங்கிப் போயி, ரேடியேட்டர் தண்ணி ரோட்டுல ஓடிட்டு இருந்துச்சு. அவன் செருப்பு ஒண்ணு வண்டிக்குள்ள கிடந்துச்சு. அதை எடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம கையில வெச்சுட்டே நின்னேன். என் கையாலதான் அவனுக்குப் பொண்ணைப் பிடிச்சுக் குடுத்தேன். எனக்கு வலிக்காதுங்களா? எனக்கு வலிக்கவே இல்லைங்கற மாதிரி பேசறாங்க ஊர்ல.

இடது சக்கரம் உள்ள மடங்கிக் கிடந்துச்சு. குண்டு கிண்ணத்தை விட்டு வெளிய வந்து கிடந்துச்சு. வரத்தானே செய்யும்? அத்தனை பெரிய மரத்துல மோதினா எது முதல்ல உடைஞ்சது, எது பின்னால உடைஞ்சதுன்னு யாரு கண்டா? எளநிக்காரன் ஒருத்தன் உளறிட்டு இருந்தான், மரத்துக்கு வெகு முன்னாடியே சக்கரம் மடங்குச்சு, அப்படியே தார் ரோட்டைக் கீறிட்டுப் போச்சுன்னு. கோடு இருந்துச்சு, நானும் பாத்தேன். ரோடுன்னா கோடு இருக்கும். டிராக்டர் போற ரோடு அது.

ஸ்டேசன்ல என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நீதானே வண்டி பாத்தது, வண்டி எப்படி இருந்துச்சுன்னு. நான் ஒரு பொய் சொல்லலீங்க. "வண்டியில ஒரு சத்தம் இல்லீங்க, கண்ணாலத்துக்கே அதுலதான் பொண்ணு மாப்பிள்ளை வந்தாங்க, ஐயாவையே கேளுங்க"ன்னேன். உண்மைதானே? அப்புறம் ஏன் மரத்துல போயி மோதினான்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? கேக்கறாங்க, ஏதாவது சொல்லணுமே. "வீட்டுல கைக்குழந்தைங்க, ராத்திரி பூரா அழுதுட்டே இருக்கும், சரியாத் தூங்கியிருக்க மாட்டான்"னேன். ஒரு யோசனையா சொன்னேன். அவங்க அதையே எழுதிக்கிட்டாங்க.

தூங்கிட்டான்னு ஆச்சு. ஐயா வீட்டுலயும் அதோட விட்டுட்டாங்க. நல்ல வண்டியைத் தூங்கிக்கிட்டே கொண்டு போயி மரத்துல விட்டான்னு சமையக்காரங்க வரைக்கும் பேச்சு. அப்புறம் ஊர்ல நாலு பேரு குடிச்சிருப்பான்னாங்க. அதை நான் சொல்லல. குடிச்சான்னு யாராவது சொன்னா இப்பவும் சண்டைக்குப் போவேன். காப்பிக்கு மேல குடிக்காதவனைப் போயி!

மயிலா அன்னில இருந்து என்கிட்டப் பேசறதில்ல. எங்கம்மாவும் அப்பனும் போனதுக்கு அப்புறம் நான்தானுங்க அவளுக்கு எல்லாம். சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவன். வாசல்ல நின்னு கூப்பிட்டா, உள்ள இருந்துட்டே கதவைத் திறக்க மாட்டா. அரிசி மூட்டை கொண்டு போயி வெச்சா, மறுநாளும் அது யாரும் தொடாம வாசல்லயே இருக்கும். துக்கத்துல இருக்கறா, போகட்டும், நாளாக ஆகச் சரியாயிரும்னு விட்டேன். தாய்மாமன் இல்லாம ஒரு பொம்பளப் புள்ளைக்கு எந்தக் காரியம் நடக்கும்? காது குத்தறதுன்னா மாமன் மடி வேணும். எப்படியும் கூப்பிட்டுத்தான் ஆகணும்னு இருந்தேன்.

கூப்பிட்டாளுங்க! மூணு வயசுல மொட்டை போட்டுக் காது குத்தறது, காங்கயத்துக்குத் தெக்கால மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயில்ல. அவ மாமனாரோட அண்ணன்கிட்டச் சொல்லி அனுப்பியிருந்தா. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல, சந்தோசத்துல. சிவப்புக் கல்லு வெச்ச தோடு வாங்கினேன். பட்டுப் பாவாடை, பழம், வெத்தலை பாக்கு, தட்டம் தட்டமா எடுத்துட்டுப் போனேன். ஒரு குறை வெக்கல.

புள்ளை மொட்டையடிச்சு, சந்தனம் பூசி, மயிலா இடுப்புல உக்காந்திருந்துச்சு. அப்படியே நாச்சிமுத்து கண்ணு. ஆசாரி ஊசியை எடுத்து வெச்சுட்டாரு. சொந்தபந்தம், ஒறம்பரை பூராச் சுத்தி நிக்குது. நான் பாயில சம்மணம் போட்டு உக்காந்து, வேட்டியைச் சரி பண்ணிட்டு, ரெண்டு கையையும் நீட்டினேன். "வா கண்ணு, மாமன்கிட்ட வா."

புள்ளை என் பக்கம் சாஞ்சுதுங்க. நான் பொய் சொல்லல, சாஞ்சுது. மயிலா விடல. இறுக்கிப் பிடிச்சுட்டே என்னைப் பாத்துக் கேக்கறா.

"அண்ணா, அந்த டப்பாவைப் பிரிச்சீங்களா?"

எனக்கு முதல்ல விளங்கல. அப்புறம் விளங்குச்சு. "இதென்ன அம்மிணி, நல்ல காரியத்துல"ன்னேன்.

"பிரிச்சீங்களா இல்லையா? இத்தனை பேரு இருக்கறாங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. பிரிக்கலைன்னு சொல்லுங்க போதும், நானே இவளை உங்க மடியில வெக்கறேன். இவ அழுததுனாலதான் இவப்பன் தூங்காம செத்தான்னு ஊர்ல சொல்றாங்க அண்ணா. நாளைக்கு இவ காதுக்கும் அது வரும். அவரு தூங்கலைன்னு நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும். உங்களை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அண்ணான்னு கூப்பிடுவேன். வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்க, எல்லாம் முன்ன மாதிரி."

அழல அவ. அழுதிருந்தாக் கூடப் பரவால்ல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. மாப்பிள்ளையோட அப்பன், கண்ணு தெரியாத மனுசன், அவரு கூடத் தலையைத் திருப்பிக் காதை என் பக்கம் வெச்சுட்டு நிக்கறாரு. ஆசாரி ஊசியைக் கீழ வெச்சுட்டாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி. சபையில வெச்சு, சீர் கொண்டு வந்த தாய்மாமனைக் கேக்கற கேள்வியா அது? தனியா வீட்டுல கேட்டிருந்தா ஒரு பதில் சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருப்பேன்னு கேக்காதீங்க, ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பேன். இத்தனை வருசத் தொழில். இந்த ஊர்ல எத்தனை பெரிய வீட்டுச் சாவி என் ஆணியில தொங்குது தெரியுமா? ஒரு வார்த்தையில எல்லாம் போயிருமே. அதை யோசிச்சாளா அவ?

நான் எந்திரிச்சேன். வேட்டியை உதறிக் கட்டினேன். "தாய்மாமன் வேண்டாம்னா நீயே பாத்துக்கோ"ன்னேன். யாராவது தடுப்பாங்கன்னு நினைச்சேன். ஒருத்தரும் தடுக்கல.

மயிலா அந்தப் பாயில, நான் உக்காந்த அதே இடத்துல உக்காந்தா. புள்ளையைத் தன்ற மடியிலயே வெச்சுக்கிட்டா. பெரியவங்க கசமுசன்னு பேசினாங்க, அப்படி ஒரு வழக்கம் எங்கயும் இல்லையே! அவ ஆசாரியைப் பாத்து, "குத்துங்க"ன்னா. புள்ளை வீல்னு கத்துச்சு. எனக்குத்தான் காது அப்படிப்பட்ட காதாச்சே. கோயில் வாசல் தாண்டி, பஸ் ஸ்டாப் வந்தும் கேட்டுது. பஸ்ஸு கிளம்பின பிறகும் கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு.

தோடு இதோ இந்த டிராயர்ல கிடக்குது. என்னிக்காவது கேட்டு வருவா. ரத்த சம்பந்தம் எங்க போகும்?

அவ்வளவுதானுங்க கதை. இதைத்தான் அந்த டயர்க் கடைக்காரன் கண்ணு மூக்கு வெச்சு வேற மாதிரி சொல்றான். இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குது? சத்தத்தை நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினேன்.

டீயைக் குடிங்க, ஆறிப்போச்சு. எதைப் பாத்துட்டு இருக்கறீங்க? மேல, அந்த அலமாரியிலயா? ஆமாங்க, அந்த டப்பாதான். ஒட்டின டேப்பு ஒட்டின மாதிரியே இருக்குது. உங்க வண்டிக்குக் கச்சிதமாச் சேரும், அதே மாடல், அதே பக்கம். அரை நாள் வேலைதான்.

வேண்டாமுங்க. அதைக் கேக்காதீங்க. அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும். இன்னிக்கு அதைப் பிரிச்சா, அன்னிக்குப் பிரிக்கலைன்னு ஆயிருமுங்க.

உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? சத்தம் மட்டும் நின்னாப் போதும்னுதானே வந்தீங்க. உங்க தங்கச்சி ஏறி உக்காந்தா ஒரு முனகல் வராது, அதுக்கு நான் கேரண்டி. அன்னிக்கு லேத்துல ரெண்டு வட்டு கடைஞ்சேன்னு சொன்னேனே, இன்னொண்ணு இங்கதான் வெச்சிருக்கறேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. சாவியைக் குடுங்க தம்பி.